கடல் மாறினால் பெயர் மாறும்

வெளிநாடு போய் வந்து எழுதுகிறவர்கள் எவ்வளவு தூரம் போனோம் என்பதைக் கடைசிவரை இழுத்தடித்துச் சொல்வார்கள். நான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஜப்பானுக்குப் புறப்பட்ட நானும் என் மனைவி கோமதியும் எங்கள் வீட்டு வாசலிலிருந்து எதிர்வீட்டு வாசல் வரை போய்ச் சேர்ந்தோம். நடுவில் ஸ்ரீரங்கத்துத் தெரு; தெருவில் ஒரு மாடு படுத்திருந்தது. மாட்டைச் சுற்றிக்கொண்டு போனோம்.

போக வேண்டிய காரியம் பெரியது. எங்கள் ஒரே மகள் பவித்ரா ஜப்பானின் தெற்குக் கோடியில் ஓகினாவா தீவில் இருக்கிறாள். மாப்பிள்ளைக்கு அங்கே ஆராய்ச்சி வேலை. பவித்ராவுக்கு நிறைமாதம். தலைப்பிரசவம் தாய்வீட்டில் என்பது நம் வழக்கம். இந்த நிலையில் விமானம் ஏறக் கூடாது என்று அவளுடைய டாக்டர் சொல்லிவிட்டதால் தாய்வீடே கிளம்பிப் போக வேண்டியதாயிற்று. "வலி வர்ற நேரத்துல நான் பக்கத்துல இருக்கணும்" என்று கோமதி மாதக் கணக்கில் சொல்லிக்கொண்டிருந்தாள். அவள் பெட்டியில் பிரசவ லேகியம், உரித்த பூண்டு, வசம்பு, என் பழைய வேட்டிகளைக் கிழித்து மடித்த துணிகள். என் சட்டைகளுக்கும் ஓர் ஓரத்தில் இடம் கொடுத்திருந்தாள்.

நான் பள்ளியில் புவியியல் நடத்தி ஓய்வு பெற்றவன். எவர் எதைத் தப்பாகச் சொன்னாலும் திருத்தாவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இந்தக் கட்டுரையில் வரும் தொல்லைகளுக்கெல்லாம் அதுதான் வேர்.

முதல் தொல்லை நாள் பார்த்ததில் வந்தது. விமானம் சனிக்கிழமை. எதிர்வீட்டு வேதவல்லி மாமி பஞ்சாங்கத்தைப் புரட்டிவிட்டு நிமிர்ந்தார்.

"சனிக்கிழமை கிழக்கே சூலம்னா, அந்தப் பக்கம் கிளம்பப்படாது. ஜப்பான் எந்தத் திக்கு சார்? நீங்கதான் பூகோளமாச்சே."

"கிழக்குதான். ஆனா பூமி உருண்டை மாமி. மேற்கால போனாலும் ஜப்பான் வரும்."

"ஏரோப்ளேன்காரன் உங்களுக்காக அப்படிச் சுத்திண்டு போவானா?"

அதற்கு எந்தப் பாடப்புத்தகத்திலும் விடை இல்லை. மாமியே ஒரு வழியும் சொன்னார்: பரஸ்தானம். நல்ல நேரத்தில் பெட்டியைக் கொண்டுபோய் இன்னொருவர் வீட்டில் வைத்துவிட்டால், பயணம் அப்போதே தொடங்கிவிட்டதாகக் கணக்கு. பிறகு ஆள் எந்த நேரத்தில் கிளம்பினாலும் தோஷமில்லை. அதன்படி வியாழக்கிழமை காலையில் பெட்டி தெருவைக் கடந்து மாமி வீட்டுக் கூடத்துக்குப் போய்ச் சேர்ந்தது. வெங்காயம்கூட நுழையாத அந்த வீட்டுக்குள் அரைக் கிலோ பூண்டு போயிருக்கிறது என்பது எனக்கும் கோமதிக்கும் மட்டும் தெரியும்.

அந்த வாரம் வங்கக் கடலில் ஒன்று உருவாகியிருந்தது. நம் டிவியில் புயல் வளர்வதும் அரசு உத்தியோகத்தில் ஒருவர் உயர்வதும் ஒன்றுதான். காற்றழுத்தத் தாழ்வுப் பகுதி என்று தற்காலிகமாக வேலைக்குச் சேரும். தாழ்வு மண்டலம் என்று நிரந்தரமாகும். ஆழ்ந்த தாழ்வு மண்டலம் என்று பதவி உயர்வு பெறும். புயல் என்று ஆனவுடன் பெயர்ப்பலகை மாட்டிக்கொள்ளும். கரைக்கு வந்து நாலு நல்ல காரியம் செய்யலாம் என்பதற்குள் வலுவிழந்து ஓய்வு பெற்றுவிடும். திருச்சிக்காரர்களாகிய எங்களுக்கு வந்து சேருவது அதன் பிரிவுபசார விழா மட்டும்தான்.

ஆகவே சனிக்கிழமை மாமி வீட்டிலிருந்து பெட்டியை எடுத்துக்கொண்டு நாங்கள் ஆட்டோவில் ஏறியபோது ஊரில் ஒருவர் முகத்திலும் புயல் இல்லை. காவிரிப் பாலத்தில் கொஞ்சம் காற்று. ஆட்டோவின் பக்கவாட்டு பிளாஸ்டிக் திரை என் முகத்தில் மாறி மாறி அறைந்தது. "புயல் வருதாமேப்பா" என்றேன் டிரைவரிடம். "எங்க சார், டிவியிலயா?" என்றார் அவர். சத்திரம் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் நகர முடியாத கூட்டம். புயலுக்கு முன்னேற்பாடாக மக்கள் கடலை மாவு வாங்கிக்கொண்டிருந்தார்கள். மழை பிடித்தால் பஜ்ஜிக்கு வேண்டுமே.

விமான நிலையத்தில் பளீரென்று வெயில். பலகையில் எங்கள் விமானத்துக்கு நேராக ரத்து என்று போட்டிருந்தது. சிங்கப்பூர் போக வந்த ஒருவர் கவுன்டரில் சண்டை பிடித்துக்கொண்டிருந்தார். "வெளிய வந்து பாருங்க. வத்தல் காயப் போடலாம், அப்படி வெயில் அடிக்குது."

"புயல் இங்க இல்லைங்க, போற வழியில இருக்கு" என்றார் கவுன்டரில் இருந்த பெண், அன்றைக்கு நூறாவது முறை சொல்வது போல. மூன்று நாள் கழித்து வேறு விமானத்தில் இடம் கிடைத்தது. கோமதி கண்ணைத் துடைத்துக்கொண்டாள். மூன்று நாளில் என்னென்னவோ ஆகலாம் என்று அவளுக்கு.

வீட்டு வாசலில் ஆட்டோவை விட்டு இறங்கி நான் பூட்டில் சாவியைப் போட்டேன். கோமதி என் கையைப் பிடித்தாள்.

"உள்ள போகக் கூடாதுங்க. காரியத்துக்குன்னு கிளம்பிட்டு, முடிக்காம வீட்டுக்குள்ள கால் வைக்கக் கூடாது."

"பின்ன எங்க போறது?"

எதிர்வீட்டு வாசலில் மாமி நின்றுகொண்டிருந்தார். "இங்க வாங்கோ. பெட்டி இருந்த இடத்துல பெட்டியோட நீங்களும் இருந்துட்டுப் போங்கோ."

இப்படித்தான் நாங்கள் வெளிநாட்டில் குடியேறினோம். என் வீடு கண்ணெதிரே இருந்தது. என் சாய்வு நாற்காலி ஜன்னல் வழியாகத் தெரிந்தது. ஆனால் பாஸ்போர்ட்டும் விசாவும் இருந்தும் எனக்கு அங்கே போக அனுமதி இல்லை.

அந்த நாட்டின் உணவைப் பற்றிச் சொல்ல வேண்டும். மூன்று வேளையும் அருமை; மூன்று வேளையும் எனக்குப் பூண்டு நினைப்பு. மொழியும் வேறு. சமையலுக்குத் தளிகை, பாயசத்துக்குத் திருக்கண்ணமுது, ரசத்துக்குச் சாத்தமுது. முதல் நாள் இலையில் உட்கார்ந்து "இன்னும் கொஞ்சம் ரசம்" என்றேன்.

"சாத்தமுது" என்று திருத்தினார் மாமி. திருத்துகிறவனைத் திருத்தினால் சும்மா இருப்பானா?

"ரெண்டும் ஒண்ணுதான் மாமி. தெருவுக்கு அந்தப் பக்கம் ரசம், இந்தப் பக்கம் சாத்தமுது."

"அதெப்படி ஒண்ணாகும்? உங்காத்து ரசத்துல பூண்டு போடுவேள்."

மாமியின் கணவர் ரங்கராஜன் மாமா டிவியிலிருந்து கண்ணை எடுக்காமல் சிரித்தார். அவருக்கு நாள் முழுக்கப் புயல் செய்திதான். திரையில் ஓர் இளைஞர் மழைக்கோட்டு அணிந்து, ராஜகோபுரத்துக்கு முன்னால் நின்றபடி, புயலின் கோரத் தாண்டவம் எந்த நேரமும் தொடங்கலாம் என்று கத்திக்கொண்டிருந்தார். அவருக்குப் பின்னால் ஒருவர் வெயிலுக்குக் குடை பிடித்துப் போனார்.

"இதெல்லாம் ஒரு புயலா?" என்றார் மாமி. "எங்க வரதன் இருக்கற ஊர்ல வரும் பாருங்கோ ஹரிகேன்! அது புயல்."

வரதன் அவர்கள் மகன், புளோரிடாவில் இருக்கிறான். அவனுக்கு வேலை உயர்ந்ததும், வீடு வாங்கியதும், ஹரிகேன் அடித்ததும் மாமிக்கு ஒரே வரிசையில் வருகிற பெருமைகள். ஜன்னலுக்கெல்லாம் பிளைவுட் அடித்ததையும், குளியல் தொட்டியில் குடிக்கத் தண்ணீர் பிடித்து வைத்ததையும், பக்கத்து வீட்டுக் கூரை நீச்சல் குளத்தில் கிடந்ததையும் இந்தத் தெருவில் கேட்காதவர் இல்லை.

எனக்குள் இருந்த புவியியல் விழித்துக்கொண்டது. "மாமி, ஹரிகேன், டைபூன், சைக்ளோன், நம்ம புயல் எல்லாம் ஒரே சமாச்சாரம். சூடான கடல்மேல சுத்துற காத்து. அட்லாண்டிக்ல வந்தா ஹரிகேன், ஜப்பான் பக்கம் வந்தா டைபூன், நம்ம பக்கம் வந்தா சைக்ளோன். கடல் மாறுனா பேர் மாறும், அவ்வளவுதான்." முப்பது வருடம் கரும்பலகையில் எழுதிப் போட்ட வரி அது.

மாமியின் முகம் சுருங்கியது. மகன் அடைந்த ஹரிகேனை நான் சத்திரம் பஸ் ஸ்டாண்டுத் தூறலோடு சேர்த்துவிட்டேன். மாமா உடனே செல்போனில் எதையோ தேடி உரக்கப் படித்தார். காற்று இன்ன வேகத்தைத் தொட்டால் இந்தியாவில் புயல் என்று பெயர் வைத்துவிடுவார்களாம்; ஹரிகேன் என்று பெயர் வாங்க அதைப்போல ஏறக்குறைய இரண்டு மடங்கு வேகம் வேண்டுமாம். படித்துவிட்டு மூக்குக்கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்த்தார். செய்தி சரிதான். அதனால் என்ன, ஜாதி ஒன்றுதானே என்று நான் விடாமல் பேசினேன்.

கோமதி இதையெல்லாம் ஒரு காதில் வாங்கிக்கொண்டிருந்தாள் என்பது மறுநாள் தெரிந்தது.

மறுநாள் காலை பவித்ராவின் போன். "அம்மா, இங்க டைபூன் வருதாம். பஸ் எல்லாம் நிறுத்திடுவாங்களாம். ரோடுல ஆம்புலன்ஸ் வர்றதுக்கே நேரம் ஆகுமாம். டைபூன் வர்றதுக்கு முன்னாடியே வந்து படுத்துக்கச் சொல்லுது ஆஸ்பத்திரி. எனக்கு அங்க தனியா இருக்கப் பிடிக்கலம்மா. பாஷையும் புரியாது."

கோமதி போனைக் கையால் மூடிக்கொண்டு என்னிடம் கேட்டாள். "டைபூன்னா நேத்து என்னமோ சொன்னீங்களே?"

"நம்ம புயல்தான்" என்றேன், பெருமையோடு. வீட்டில் ஒருத்தி என் பாடத்தைக் கவனித்திருக்கிறாள்.

"அடியே, அது ஒண்ணுமில்ல. நம்ம புயல்தானாம், அப்பா சொல்றாங்க. இங்கயும் அதேதான் அடிச்சிக்கிட்டிருக்கு. நான் மாமி வீட்டு மொட்டை மாடியில வடாம் காயப் போட்டிருக்கேன். நீ எதுக்குத் தனியா ஆஸ்பத்திரியில போய்க் கிடக்கணும்? வீட்டுலயே இரு. மாப்பிள்ளையைப் பூண்டுக் கஞ்சி வைக்கச் சொல்லு."

மாப்பிள்ளையும் பின்னாலிருந்து "அத்தை சொல்றது கரெக்ட்" என்றார். அவருக்கு ஊர் உப்பிலியபுரம். புயல் என்றால் பச்சமலைக்கு மேல் மேகம் கறுக்கும், பள்ளிக்கூடம் லீவு விடும். அதற்கு மேல் அவருக்கும் எதுவும் தெரியாது. ஓகினாவாவுக்குப் போய் இன்னும் ஒரு டைபூனைக்கூட அவர் பார்த்ததில்லை. இப்படித் திருச்சி மாவட்டம் மொத்தமும் கலந்து பேசி, பவித்ரா வீட்டிலேயே இருப்பது என்று முடிவாயிற்று.

சாயங்காலம் மாப்பிள்ளை வீடியோவில் வந்தார். வேடிக்கை காட்டுவதற்காகத்தான் வந்தார். "இங்க இருக்கறவங்க கூத்தைப் பாருங்க மாமா" என்று பால்கனியிலிருந்து, அங்கே இருட்டிவிட்டதால் விளக்கு வெளிச்சத்தில், தெருவைக் காட்டினார். எதிர்க் குடியிருப்பில் ஒருவர் பூந்தொட்டிகளை ஒவ்வொன்றாக உள்ளே எடுத்து வைத்துக்கொண்டிருந்தார். கீழே இரண்டு பேர் சைக்கிள்களைத் தரையோடு படுக்க வைத்துக் கயிற்றால் கட்டினார்கள். ஒரு கடைக்காரர் பெயர்ப்பலகையைக் கழற்றினார். யாரும் பதறவில்லை, யாரும் கத்தவில்லை. அந்தப் பெயர்ப்பலகையைப் பார்த்ததும் நான் எழுந்து நின்றுவிட்டேன்.

காலங்காலமாக டைபூனோடு வாழ்கிற ஊர் பூந்தொட்டியை உள்ளே எடுக்கிறது. நாங்கள் வடாம் காயப் போட்டிருக்கிறோம். நான் சொன்ன வரியில் ஒரு எழுத்துத் தப்பில்லை. ஆனால் புயல் என்றதும் கோமதிக்குத் தெரிந்தது கடலைத் தாண்டி, வயலைத் தாண்டி, பல்லெல்லாம் போய் எங்கள் ஊருக்கு வருகிற கிழட்டுப் புயல். நாகப்பட்டினத்துக்காரரிடம் நம்ம புயல்தான் என்று சொல்லியிருந்தால், அவர் அந்த நிமிடமே பெண்ணை ஆஸ்பத்திரியில் சேர்த்திருப்பார். மாமி சொன்னது சரி. ரசத்தில் என்ன போட்டிருக்கிறது என்று பார்க்காமல் பெயரை வைத்துப் பேசியிருக்கிறேன்.

"கோமதி, பவியை ஆஸ்பத்திரிக்குப் போகச் சொல்லு."

"ஏன், வலி வந்துடுச்சா?"

"டைபூன் வருதே."

"அது நம்ம புயல்தான்னு நீங்கதானே சொன்னீங்க?"

"ஒண்ணுதான். ஆனா அது கடலுக்கு நடுவுல இருக்கற தீவு. நம்ம ஊர் உள்ள தள்ளி..."

"ஒண்ணுன்னா ஒண்ணுன்னு சொல்லுங்க, வேறன்னா வேறன்னு சொல்லுங்க. காலையில ஒரு பேச்சு, சாயங்காலம் ஒரு பேச்சு. பாவம், புள்ளைய ஏன் அலைக்கழிக்கிறீங்க?"

காற்றின் வேகத்தைச் சொன்னேன், கடலின் சூட்டைச் சொன்னேன். கையில் ஒரு தட்டை எடுத்துச் சுற்றிக் காட்டினேன். அவள் வடாம் எடுக்க மாடிப் படி ஏறிவிட்டாள். எனக்கு அழுகை வந்தது. அங்கே ரோடு அடைபடுவதற்கு இன்னும் கொஞ்ச நேரம்தான் இருந்தது. முந்தின நாள் நான் அவமானப்படுத்திய ஒரே ஒரு ஆளால்தான் இனி முடியும் என்று தெரிந்தது. அடுக்களைக்குப் போனேன்.

"மாமி, நேத்து நான் சொன்னது தப்பு. ஜப்பான்ல வர்றது உங்க வரதன் ஊர்ல வந்துச்சே, அது மாதிரி. நீங்க சொன்னாத்தான் கோமதி கேப்பா."

மாமி கரண்டியைக் கீழே வைத்தார். வெற்றியைக் கொண்டாட ஒரு விநாடி எடுத்துக்கொண்டார். அதற்கு மேல் எடுத்துக்கொள்ளவில்லை. அந்தப் பெருந்தன்மையை நான் மறக்க மாட்டேன். மாடிப் படியில் நின்று குரல் கொடுத்தார்.

"கோமதி! அங்க வர்றது ஹரிகேன்டி! பிளைவுட் அடிச்ச ஜாதி! கூரையெல்லாம் பறந்து போய் விழும். பிள்ளைத்தாச்சியை ஆத்துல வச்சுண்டு என்ன பண்ணிண்டிருக்கேள்?"

வடாம் துணியைப் போட்டது போட்டபடி கோமதி இறங்கி வந்தாள். முகம் வெளுத்திருந்தது. போனை எடுத்தாள்.

"பவி! அது டைபூன் இல்லடி, ஹரிகேன்! இப்பவே கிளம்பு. துணிமணி எதுவும் எடுக்க வேணாம், கிளம்பு!"

ஜப்பான் கரையில் ஹரிகேனா? அப்படி எழுதிய விடைத்தாளை என்ன செய்திருப்பேன் என்று எனக்கே தெரியும். பல்லைக் கடித்துக்கொண்டேன்.

பவித்ரா ஆஸ்பத்திரிக்குப் போய்ச் சேர்ந்ததாகச் செய்தி வந்தது. பிறகு போன் கிடைக்கவில்லை.

மறுநாள் நம்முடைய புயலும் கரையைக் கடந்தது. ஸ்ரீரங்கத்தில் ஒரு தூறல். கலெக்டர் லீவு விட்டிருந்ததால் பிள்ளைகள் தெருவில் கிரிக்கெட் ஆடினார்கள், மாடுதான் ஃபீல்டர். மாமி வெங்காயமில்லாத வாழைக்காய் பஜ்ஜி போட்டுக் கொண்டுவந்து வைத்தார். யாரும் தொடவில்லை. மாமா முதல்முறையாக டிவியை அணைத்திருந்தார். கோமதி ஜன்னலருகே உட்கார்ந்து எதிரே பூட்டியிருந்த எங்கள் வீட்டையே பார்த்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் இருக்க வேண்டியவள் இந்தத் தெருவைக்கூடத் தாண்டவில்லை. நான் அவள் பக்கத்தில் போய் உட்கார்ந்தேன். பயமாக இருந்தது.

மதியம் போன் அடித்தது. மாப்பிள்ளைக்குக் குரல் உடைந்திருந்தது.

"பொண்ணு பொறந்திருக்கா மாமா. ரெண்டு பேரும் நல்லா இருக்காங்க. போய்ப் படுத்த கொஞ்ச நேரத்துலயே வலி வந்துடுச்சு. வெளிய ஒரே இருட்டு, காத்து... எங்க வீட்டு ரோட்டுல போஸ்ட் கம்பம் குறுக்க விழுந்து கிடக்காம். வீட்டுல இருந்திருந்தா..."

கோமதி எழுந்தாள். கிரிக்கெட்டுக்கு நடுவே ஓடித் தெருவைக் கடந்தாள். பூட்டைத் திறந்து, வலது கால் இடது கால் பார்க்காமல் எங்கள் வீட்டுக்குள் நுழைந்து, சாமி அலமாரிக்கு முன்னால் விளக்கேற்றினாள். "கோமதி, பரஸ்தானம்!" என்று கத்திக்கொண்டே மாமியும் பின்னால் ஓடினார். பிறகு அவரும் கூடவே நின்று கும்பிட்டார். நான் என் சாய்வு நாற்காலியில் போய் உட்கார்ந்தேன். பெட்டி மட்டும் வெளிநாட்டில் இருந்தது.

சாயங்காலம் பவித்ரா வீடியோவில் வந்தாள். மார்பில் சிவப்பாக ஒரு சின்ன முகம். கோமதி, மாமி, மாமா, நான் எல்லோரும் ஒரே போனுக்குள் தலையை நுழைத்தோம். அழுது முடித்து, யார் ஜாடை என்று சண்டை போட்டு முடித்த பிறகு பவித்ரா களைத்த குரலில் கேட்டாள்.

"அப்பா, ஹரிகேன்னு அம்மா சொன்னாங்கன்னு இங்கிலீஷ் தெரிஞ்ச ஒரு நர்ஸ்கிட்ட சொன்னேன். அவங்க சிரிக்கிறாங்க. இங்க வந்தது டைபூனாம், ஜப்பான்ல ஹரிகேனே வராதாம். எதுப்பா சரி?"

மாமி என்னைப் பார்த்தார். கோமதி என்னைப் பார்த்தாள். முப்பது வருடப் பாடம் தொண்டை வரை வந்து நின்றது. போனுக்குள் அந்தச் சின்ன முகம் கொட்டாவி விட்டது.

"அம்மா சொன்னா சரியாத்தாம்மா இருக்கும்" என்றேன்.